ஆட்டோ பிரேக் சும்மா அடிக்கிறதா, அடிக்கவே இல்லையா? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிப்பது எப்படி

அடாஸ் (கேமரா, ரேடார் வைத்து டிரைவருக்கு உதவும் வசதிகள்) உள்ள கார் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி, "இந்த ஆட்டோ பிரேக்கை எப்படி ஆஃப் பண்றது?" முன்னால் மோதப்போகிறது என்று தெரிந்தால் கார் தானாகவே பிடிக்கும் பிரேக்தான் இது. காலி ரோட்டில் திடீரென்று பிரேக் விழுந்தது, பின்னால் வந்த பஸ் இடிக்கப் பார்த்தது, டிராஃபிக்கில் ஓயாமல் கத்துகிறது, பூஜை போட்ட அன்று மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது என்று வரிசையாகப் புகார்கள். எல்லாமே நியாயமான புகார்கள்தான். இவற்றில் பலவற்றை வீட்டு வாசலிலேயே சரி செய்துவிடலாம். சிலவற்றுக்கு சர்வீஸ் சென்டர் போக வேண்டும். இன்னும் சிலவற்றை யாராலும் சரி செய்ய முடியாது, ஏனென்றால் அவை பழுதே இல்லை, அந்தக் கருவியின் எல்லை. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் ஆஃப் செய்யும் எண்ணமும் போகும், கண்ணை மூடிக்கொண்டு நம்பும் ஆபத்தும் குறையும்.

அதற்கு முன் அது எப்படிப் பார்க்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், முன் கண்ணாடியை ஒட்டினாற்போல் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். அது கேமரா. கிரில்லின் நடுவில் கம்பெனி சின்னத்துக்குப் பின்னாலோ, பம்பரின் கீழ்ப்பகுதியிலோ வழவழப்பான பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருந்தால் அதற்குள் ரேடார். ரேடார் 76-77 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, எதிரே இருக்கும் பொருள் எத்தனை மீட்டரில் இருக்கிறது, எந்த வேகத்தில் நெருங்குகிறது என்று துல்லியமாகச் சொல்லும். ஆனால் அது லாரியா, ரோட்டில் கிடக்கும் இரும்புத் தகடா என்று பிரித்துச் சொல்வதில் கெட்டி கிடையாது. கேமராவுக்கு உருவம் தெரியும். இருட்டு, அடைமழை, எதிர்வெயில் என்றால் தடுமாறும். இரண்டும் உள்ள கார்களில் ஒன்று சொன்னதை மற்றது சரிபார்க்கும். ஹோண்டா சிட்டி ஹைபிரிடில் கேமரா மட்டும்தான்; மஹிந்திரா எக்ஸ்யூவி700-இல் இரண்டும் உண்டு. உங்கள் காரில் எது என்பதை ஓனர் மேனுவலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் பாதி விஷயம் அதைப் பொறுத்தது.

மற்றபடி உள்ளே நடப்பது ஒரு வகுத்தல் கணக்கு. இடைவெளியை, நெருங்கும் வேகத்தால் வகுத்தால் மோதுவதற்கு எத்தனை விநாடி இருக்கிறது என்று வரும். 60 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்குச் சுமார் 17 மீட்டர். 34 மீட்டர் தூரத்தில் ஒரு வண்டி நின்றால் 2 விநாடிதான் இருக்கிறது. கிட்டத்தட்ட அந்தக் கட்டத்தில் சத்தமும் சிவப்பு எச்சரிக்கையும் வரும். இன்னும் நெருங்கினால் லேசாகப் பிரேக் பிடிக்கும். 1 விநாடியை ஒட்டி வரும்போது முழு பிரேக். மாடலுக்கு மாடல் இந்த எல்லைகள் கொஞ்சம் மாறும்.

மீட்டரில் "ரேடார் மறைந்துள்ளது", "கேமரா வேலை செய்யவில்லை" என்று வருகிறது

இதில் தொடங்குவோம். பெரும்பாலும் செலவே இல்லாமல் முடியும் பிரச்சினை இது.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் இந்த மெசேஜ் வந்தால் கிரில்லைப் பாருங்கள். நடுவில் கட்டிய சாமந்தி மாலை, சின்னத்தின் மேல் குழைத்துப் பூசிய சந்தனம், அதன் மேல் குங்குமம். ஈரம் உள்ள எதுவும் இந்த ரேடார் அலையை விழுங்கிவிடும். மாலையை இரண்டு பக்கக் கண்ணாடிகளிலும் கட்டலாம், பொட்டை நம்பர் பிளேட்டுக்கு மேலோ பானட்டின் ஓரத்திலோ வைக்கலாம். சின்னத்தின் மேலும் ரேடார் தட்டின் மேலும் மட்டும் வேண்டாம். ஏற்கெனவே காய்ந்துவிட்டது என்றால் தண்ணீரில் ஊற வைத்து மெல்லிய துணியால் துடையுங்கள். கத்தி, பிளேடு, தேங்காய் நார் எதுவும் கூடாது.

மண் ரோட்டில் போய்வந்த பிறகு சேறு, நெடுஞ்சாலையில் ராத்திரி ஓட்டிய பிறகு பூச்சி, மழை விட்ட சாயங்காலத்தில் ஈசல் இவையும் இதே வேலையைச் செய்யும். கேமராவுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடிப் பகுதி சுத்தமாக இருக்க வேண்டும் என்றால் வைப்பர் ரப்பர் நன்றாக இருக்க வேண்டும். காய்ந்து வெடித்த வைப்பர் இழுத்து விடும் கோடுகள் நம் கண்ணுக்குச் சின்னத் தொந்தரவு, கேமராவுக்குப் பெரிய தொந்தரவு.

அடுத்து உள்பக்கம். ஃபாஸ்டேக் ஸ்டிக்கரைப் பலர் கேமரா பெட்டிக்கு நேர் முன்னாலேயே ஒட்டிவிடுகிறார்கள். டோல் பூத்தில் அவசரமாக ஒட்டிக் கொடுப்பவருக்குக் கேமரா எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதை உரித்து எடுத்தால் டேக் செத்துப்போகும், புதிது வாங்க வேண்டியிருக்கும், பரவாயில்லை, வாங்கிவிடுங்கள். டேஷ் கேமரா, வேல் ஸ்டிக்கர், கண்ணாடியில் தொங்கும் ருத்திராட்ச மாலை எல்லாவற்றையும் கேமராவின் பார்வையில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். முன் கண்ணாடியில் சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியதுதான்.

ஏப்ரல், மே மாதங்களில் வெயிலில் நிறுத்திய காரை எடுத்தவுடன் கேமரா வேலை செய்யவில்லை என்று வந்தால் பயப்பட வேண்டாம். கண்ணாடியை ஒட்டிய அந்தப் பெட்டி சூடேறிவிட்டால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டு ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் மெசேஜ் போய்விடும். மழைக்காலத்தில் கண்ணாடி உள்ளே பனித்துப்போனாலும் இதே வைத்தியம்தான்.

இவ்வளவும் செய்த பிறகும் விளக்கு அணையவில்லை என்றால்தான் சர்வீஸ் சென்டர்.

காலி ரோட்டில் தானாகப் பிரேக் அடிக்கிறது

மிகவும் பயமுறுத்துவது இதுதான். பயப்பட வேண்டிய விஷயமும்கூட. நம் ஊரில் பின்னால் வருபவர் விடும் இடைவெளி எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். காரணமில்லாமல் முழு பிரேக் விழுந்தால் நம்மைக் காப்பாற்ற வைத்த கருவியே பின்னால் அடி வாங்க வைத்துவிடும். இது நம் நாட்டுப் பிரச்சினை மட்டும் கிடையாது. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், ஹோண்டா, டெஸ்லா இரண்டு கம்பெனிகளின் சில மாடல்களிலும் கார் காரணமில்லாமல் பிரேக் பிடிப்பதாக வந்த புகார்களை வைத்து விசாரணை தொடங்கியது.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடியுங்கள்: அதே இடத்தில் மறுபடியும் அடிக்கிறதா, வேறு வேறு இடங்களில் அடிக்கிறதா?

ஒரே இடம் என்றால் காரணம் பெரும்பாலும் ரோட்டில் இருக்கிறது. அடுத்த முறை மெதுவாகப் போய்ப் பாருங்கள். மெட்ரோ வேலைக்காகக் குழியை மூடிப் போட்ட இரும்புத் தகடு இருக்கலாம். பாலத்தின் இணைப்பில் துருத்தி நிற்கும் இரும்புப் பட்டையாக இருக்கலாம். மேட்டில் ஏறும்போது மேலே இருக்கும் பச்சைப் பலகை காரின் மூக்குக்கு நேரே வந்து நிற்கும். ரயில்வே கீழ்ப்பாலத்தின் நுழைவிலும் அப்படித்தான், மேல் உத்தரம் எதிரே இருக்கும் சுவர் என்று கருவிக்குத் தோன்றலாம். வளைவில் ஓரமாக நிறுத்திய லாரியும் அப்படியே. நமக்கு ரோடு வளைகிறது என்று தெரியும். காருக்கு, ஸ்டியரிங் திரும்பும் வரை அந்த லாரி நேர் எதிரில்தான் இருக்கிறது.

போலீஸ் தடுப்புகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். வேகத்தைக் குறைக்க வைப்பதற்காக இடமும் வலமும் மாற்றி மாற்றி இரண்டு இரும்புத் தடுப்புகள் வைத்திருப்பார்கள். பழகிய டிரைவர் முதல் தடுப்பை நோக்கி நேராகப் போய், கடைசி நேரத்தில் ஒடித்துத் திரும்புவார். அவர் திரும்பப்போகிறார் என்று காருக்கு எப்படித் தெரியும்? அதன் கணக்கில் ஒரு இரும்புத் தட்டி, ஒரு விநாடித் தூரம். அடித்துவிடும். முன்னால் போகும் பஸ்ஸின் முதுகு வரை ஏறிப்போய்ச் சட்டென்று ஓவர்டேக் எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து முன்கூட்டியே திரும்பினால் நின்றுவிடும். இங்கே மாற வேண்டியது கார் கிடையாது. இதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை; அந்தத் தடுப்பை வைத்ததே அதற்குத்தானே.

பைக் குறுக்கே புகுந்தால் ஒரு சமயம் அடிக்கிறது, ஒரு சமயம் அடிப்பதில்லை என்பவர்களுக்கு விளக்கம் அதே வகுத்தல் கணக்கில் இருக்கிறது. கட் அடித்து நுழைந்த பைக் நம்மைவிட வேகமாகப் போனால் இடைவெளி கூடிக்கொண்டே போகும், பிரேக் தேவையில்லை. நுழைந்தவர் உடனே வேகத்தைக் குறைத்தால் இடைவெளி சுருங்கும், பிரேக் விழும். இரண்டுமே சரியான வேலை.

நேரான ரோட்டில், எதிரே எதுவும் இல்லாமல், வேறு வேறு இடங்களில் அடிக்கிறது என்றால் காரைப் பாருங்கள். கிரில்லுக்கு முன்னால் இரும்புக் கிராஷ் கார்டு போட்டிருக்கிறீர்களா? மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே அதைத் தடை செய்துவிட்டது. ரேடாருக்கு முன்னால் இரும்புக் குழாய் நின்றால் அலை எப்படிப் போகும் என்பது தனிக் கேள்வி. நம்பர் பிளேட்டுக்கு ஃபேன்சி ஃபிரேம், கம்பெனி சின்னத்தின் மேல் ஒட்டிய குரோம் அலங்காரம், ஒரு சின்ன உரசலுக்குப் பிறகு லேசாக உள்ளே போன பம்பர் எல்லாவற்றையும் சோதியுங்கள். இவை எதுவும் இல்லை என்றால் ரேடாரின் கோணம் மாறியிருக்கலாம், அல்லது சாஃப்ட்வேர் அப்டேட் தேவைப்படலாம். இரண்டுக்கும் சர்வீஸ் சென்டர்தான்.

அடிக்கும் அந்த நொடியில் என்ன செய்வது? பெரும்பாலான கார்களில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தால் ஆட்டோ பிரேக் விட்டுவிடும். இது உங்கள் காரில் எப்படி என்று மேனுவலில் படித்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஆனால் மிதிப்பதற்கு முன் எதிரே ஒரு முறை நன்றாகப் பாருங்கள். நீங்கள் பார்க்காத ஒன்றை அது பார்த்திருக்கக்கூடும்.

ஓயாமல் கத்துகிறது

கத்துவது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். லேன் விலகினால் வரும் சத்தம், முன் வண்டி நகர்ந்துவிட்டது என்று சொல்லும் சத்தம், பார்க்கிங் சென்சார் சத்தம் எல்லாம் ஒரே ஸ்பீக்கரில் வரும். கோடே இல்லாத ரோட்டில், இருக்கும் கோட்டையும் யாரும் மதிக்காத ஊரில், லேன் எச்சரிக்கைதான் அதிகம் கத்தும். அந்த எரிச்சலில் அடாஸ் மொத்தத்தையும் அணைத்துவிடுகிறார்கள்; கூடவே ஆட்டோ பிரேக்கும் போய்விடுகிறது. நகரத்துக்குள் லேன் உதவியை மட்டும் தனியாக அணையுங்கள். திரையில் இரண்டுக்கும் வேறு வேறு பொத்தான் இருக்கும்.

கத்துவது மோதல் எச்சரிக்கைதான் என்றால் அதன் நேரத்தை மாற்ற வழி உண்டு: தூரம், நடு, அருகில் என்பது போல. நகர டிராஃபிக்குக்கு "அருகில்", நெடுஞ்சாலைக்கு "நடு" என்பது என் கருத்து. பல கார்களில் இந்த அமைப்பு எச்சரிக்கை எப்போது வர வேண்டும் என்பதை மட்டும்தான் மாற்றுகிறது, கடைசி நேரத்து முழு பிரேக்கைத் தொடுவதில்லை. எனவே "அருகில்" வைத்தால் பாதுகாப்பு போய்விடும் என்று பயப்பட வேண்டாம்.

நகரத்துக்குள் "அருகில்" வைத்தும் கத்துகிறது என்றால், முன் வண்டியை ஒட்டி ஓட்டும் பழக்கம் நமக்கு இருக்கிறது.

அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்கவில்லை

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். சும்மா அடிப்பதைவிட ஆபத்தானது, அடிக்கும் என்று நம்பி இருப்பது.

நெடுஞ்சாலையில் ராத்திரி இரண்டு மணி. இடது லேனில் ஆக்ஸில் உடைந்து நிற்கும் லாரி. பின்விளக்கு கிடையாது, ரிஃப்ளெக்டர் மேல் சேறு. எச்சரிக்கைக்கு ஒரு வேப்பங்கிளையை ஒடித்துப் பின்னால் போட்டு, நாலு கல்லை வைத்திருக்கிறார்கள். ரேடார் இந்த லாரியைப் பார்க்கும். ஆனால் நிற்கும் பொருள் என்றாலே அதற்குத் தயக்கம். மைல்கல், பலகை, பாலத்தின் கைப்பிடி, தடுப்புச் சுவர் எல்லாமே நிற்கும் பொருள்கள்தான். ஒவ்வொன்றுக்கும் பிரேக் அடித்தால் கார் ஓட்டவே முடியாது. அதனால் வேகமாகப் போகும்போது நிற்கும் பொருளைக் கேமராவும் உறுதி செய்யட்டும் என்று காத்திருக்கும்படி பல கம்பெனிகள் வடிவமைக்கின்றன. இருட்டில் கேமராவுக்கு அந்த உறுதி தாமதமாகத்தான் வரும், ஹெட்லைட் வெளிச்சம் எட்டிய பிறகு.

லாரிக்கு 40 மீட்டர் முன்னால் முழு பிரேக் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த ரோடு, நல்ல டயர்; ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 8 மீட்டர் (சுமார் 29 கி.மீ. வேகம்) அளவுக்குக் குறைகிறது. 80 கி.மீ. வேகத்தில் வந்த கார் 31 மீட்டரில் நின்றுவிடும். 90-இல் வந்தது லாரியைத் தொடுவதற்கு ஒரு மீட்டர் முன்னால் நிற்கும். 100-இல் வந்தது சுமார் 41 கி.மீ. வேகத்தில் மோதும். 110-இல் வந்தது 62 கி.மீ. வேகத்தில் மோதும். பத்து பத்தாகத்தான் வேகம் ஏறுகிறது. முடிவு எப்படி மாறுகிறது பாருங்கள். ஈர ரோட்டில் டயரின் பிடி குறைந்து, ஒவ்வொரு விநாடியும் குறையும் வேகம் 8-க்குப் பதில் 5 மீட்டர் என்று ஆனால் 80-இல் வந்த காரே 35 கி.மீ. வேகத்தில் போய் மோதும். தேய்ந்த டயர் என்றால் இன்னும் மோசம். ஆட்டோ பிரேக்குக்கு என்று தனி டயர் கிடையாது, நம் காலுக்கு இருக்கும் அதே நாலு டயர்தான்.

இதே கணக்கு இதன் பலனையும் சொல்கிறது. 100-இல் மோத வேண்டியது 41-இல் மோதினால், மோதலின் ஆற்றல் ஆறில் ஒன்றாகிவிடுகிறது. சீட் பெல்ட்டும் ஏர்பேகும் அந்த வேகத்தில் உயிரைக் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் ஐ.ஐ.எச்.எஸ். ஆய்வு அமைப்பு, ஆட்டோ பிரேக் உள்ள கார்கள் முன் வண்டியின் பின்னால் போய் இடிக்கும் விபத்துகள் பாதியாகக் குறைவதைக் கண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம். அமெரிக்கா 2029 செப்டம்பரைக் கெடுவாக வைத்து 2024-இல் விதி போட்டது. இதையெல்லாம் வைத்துத்தான் ஆஃப் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

இனி, அடிக்காமல் போகும் மற்ற இடங்கள்.

ராத்திரியில் நடப்பவர்கள். அதே ஐ.ஐ.எச்.எஸ். 2022-இல் வெளியிட்ட ஆய்வில், பாதசாரிகளைக் கண்டறியும் ஆட்டோ பிரேக் அவர்கள் மீது மோதும் விபத்துகளை 27 சதவீதம் குறைத்தது தெரிந்தது. ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டில் எந்த வித்தியாசமும் இல்லை. 2025-இல் அவர்கள் நடத்திய இன்னொரு சோதனை என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ராத்திரியில் தெரிய வேண்டும் என்பதற்காகவே போடும் பளபளக்கும் பட்டை வைத்த உடையைப் பொம்மைக்குப் போட்டபோது, சோதித்த மூன்று கார்களில் இரண்டு அதை அடையாளம் காணாமல் மோதின. நம் ஊரில் ராத்திரி ரோடு கூட்டும் தூய்மைப் பணியாளர்களும் சாலைப் பணியாளர்களும் அந்த உடையைத்தான் போட்டிருக்கிறார்கள். அவர்களைக் கார் பார்த்துக்கொள்ளும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். நாம்தான் பார்க்க வேண்டும்.

மாடு, ஆடு, நாய். பெரும்பாலான கார்களுக்கு வண்டியும் பைக்கும் மனிதனும்தான் கற்றுக்கொடுக்கப்பட்டிருக்கிறது. வால்வோ 2016 வாக்கில் சுவீடனின் மூஸ் மான்களுக்காகப் பெரிய விலங்குகளைக் கண்டறியும் வசதியைக் கொண்டுவந்தது. அதை ஆஸ்திரேலியாவில் சோதித்தபோது கங்காரு குழப்பிவிட்டது: தாவி மேலே போகும்போது தூரத்தில் இருப்பதாகவும், தரையில் இறங்கும்போது பக்கத்தில் வந்துவிட்டதாகவும் கேமராவுக்குத் தெரிந்தது. அந்த நாட்டு விலங்கை அந்த நாட்டிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. நடு ரோட்டில் படுத்து அசை போடும் மாடு உங்கள் காருக்குத் தெரியும் என்று மேனுவலில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் தெரியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பி ஏற்றிய லாரி. பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் நுனியைக் கருவி கவனிக்காமல் பாடியின் பின்பலகை வரை கணக்குப் போடலாம். பிரேக் பிடித்து நிற்கும் இடம் கம்பிக்கு உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கரும்பு டிராக்டர், வைக்கோல் லாரி, உயரமான டிரெய்லர் எதன் பின்னால் போனாலும் இடைவெளியை நம் கண்ணால் அளந்து விடுங்கள்.

குறுக்கே வரும் வண்டி. 2016 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், வில்லிஸ்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஆட்டோபைலட்டில் (ஸ்டியரிங்கையும் வேகத்தையும் கார் பார்த்துக்கொள்ளும் உதவி வசதி) போன டெஸ்லா கார் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்த டிரெய்லருக்கு அடியில் புகுந்தது, ஓட்டியவர் இறந்தார். குறுக்கே வரும் வண்டிக்காக அந்தக் காரின் ஆட்டோ பிரேக் வடிவமைக்கப்படவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. இப்போது சந்திப்புகளில் உதவும் கார்கள் வந்துவிட்டன, ஆனாலும் நான்குவழிச் சாலையின் நடுத்தடுப்பு இடைவெளியில் திடீரென்று நுழையும் டிராக்டருக்கு எல்லாக் காரும் தயார் என்று சொல்ல முடியாது. ராங் சைடில் எதிரே வருபவருக்கும் இதே பதில்.

கடைசியாக, நாமே தடுத்துவிடும் சந்தர்ப்பங்கள். பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தாலோ ஸ்டியரிங்கை வேகமாக ஒடித்தாலோ, டிரைவர் ஏதோ செய்கிறார் என்று கருவி விலகிக்கொள்ளும். சேற்றில் சிக்கிய காரை எடுக்க ஈ.எஸ்.சி.யை (கார் சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பை) அணைத்துவிட்டு அப்படியே ஓட்டினால் பல கார்களில் ஆட்டோ பிரேக்கும் கூடவே அணைந்திருக்கும். மீட்டரில் சறுக்கும் கார் படம் எரிகிறதா என்று பாருங்கள்.

நின்ற கார் மறுபடி நகர்கிறது

பழுது இல்லை. ஆட்டோ பிரேக் காரை நிறுத்திய பிறகு பல மாடல்களில் சுமார் 2 விநாடிதான் பிடித்துவைக்கும். ஆட்டோமேட்டிக் கியர் டி-யில் இருந்தால் அதற்குப் பிறகு கார் தானாக ஊர்ந்து போய் முன் வண்டியில் முட்டும். பிரேக் விழுந்தவுடன் உங்கள் காலும் பிரேக் மேல் போக வேண்டும். அப்போது பெடல் தானாகக் கீழே இறங்கியிருக்கும், கடகடவென்று பம்ப் சத்தமும் கேட்கும். அதற்குப் பயந்து காலை எடுத்துவிடாதீர்கள்.

கண்ணாடி மாற்றிய பிறகு, பம்பர் வேலை பார்த்த பிறகு சரியாக இல்லை

முன் கண்ணாடியை மாற்றினால் கேமராவைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். கண்ணாடியின் தடிமனோ, பெட்டி உட்காரும் இடமோ ஒரு சிறிது மாறினாலும் பார்வை மாறிவிடும். ஒரு டிகிரி திரும்பினால் 100 மீட்டரில் 1.75 மீட்டர் விலகிவிடும். நெடுஞ்சாலை லேனின் அகலம் 3.5 மீட்டர், அதாவது பாதி லேன் தள்ளிப் பார்க்கிறது. பக்கத்து லேன் லாரிக்குப் பிரேக் அடிப்பதும், நம் லேன் லாரியை விட்டுவிடுவதும் இதனால்தான்.

இதற்குக் கேலிபிரேஷன் செய்ய வேண்டும். சமதளத்தில் காரை நிறுத்தி, அளந்த தூரத்தில் குறிப்பலகை வைத்து ஸ்கேனரில் சரி செய்வது ஒரு முறை. கோடு தெளிவாக உள்ள ரோட்டில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டிச் சரி செய்வது இன்னொரு முறை. எது வேண்டும் என்பதைக் கம்பெனி வகுத்திருக்கும். தெருமுனைக் கண்ணாடிக் கடையில் மலிவாக மாற்றிக்கொண்டால் இந்த வேலை நடக்காது. விளக்கு எரியாமல்கூட இருக்கலாம், அதுதான் ஆபத்து. இன்சூரன்ஸில் கிளெய்ம் செய்வதற்கு முன்னால், கேலிபிரேஷன் செலவும் சேருமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பம்பருக்குள் ரேடார் இருக்கும் கார்களில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பதும் விஷயம்தான். தடிமனான பட்டியும் மெட்டாலிக் பெயின்ட்டின் பல அடுக்குகளும் அலையைக் குறைக்கும். ரேடாருக்கு எதிரே உள்ள பகுதியில் ஒட்டு வேலை வேண்டாம், பம்பரையே மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். பெரிய சைஸ் டயருக்கு மாறியவர்களும், சஸ்பென்ஷனை உயர்த்தியவர்களும், வீல் அலைன்மென்ட்டில் கை வைத்தவர்களும் இதே சோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.

உண்மையிலேயே அணைக்க வேண்டிய நேரங்கள்

தானாக உருளும் கார் வாஷ், காரைக் கட்டி இழுத்துப் போவது, லாரியில் ஏற்றுவது, உருளைமேல் சக்கரத்தைச் சுழற்றும் சோதனை. இவ்வளவுதான். பல கார்களில் இன்ஜினை அணைத்துப் போட்டால் ஆட்டோ பிரேக் மறுபடி ஆன் ஆகிவிடும், அது நல்லதுதான்.

"எல்லாம் சரியாக இருக்கு சார்" என்று சர்வீஸ் சென்டரில் திருப்பி அனுப்புகிறார்கள்

ஸ்கேனரில் ஃபால்ட் கோடு (பழுதைச் சொல்லும் குறியீடு) இல்லை என்றால் அவர்களுக்கு வேலை முடிந்தது. உங்களுக்கு முடியவில்லை. சம்பவம் நடந்த அன்றே குறித்து வையுங்கள்: இடம், நேரம், வேகம், மழையா வெயிலா, எதிரே என்ன இருந்தது, எச்சரிக்கை வந்து பிரேக் விழுந்ததா, நேரடியாகப் பிரேக்கா. டேஷ் கேமரா பதிவு இருந்தால் அழியும் முன்னால் தனியாக எடுத்து வையுங்கள். வெறுமனே "சும்மா அடிக்குது" என்று சொன்னால் ஜாப் கார்டில் அப்படியே எழுதி, அப்படியே திருப்பித் தருவார்கள்.

மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: ரேடார், கேமரா இரண்டின் கோண அளவைக் காட்டும் பிரின்ட்; சாஃப்ட்வேர் எந்தப் பதிப்பில் இருக்கிறது, புதிது வந்திருக்கிறதா என்ற பதில்; உங்களோடு உட்கார்ந்து அதே ரோட்டில் ஒரு டெஸ்ட் டிரைவ். தயங்கினால் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மெயில் போட்டுப் புகார் எண் வாங்குங்கள். ஜாப் கார்டு நகல்கள் எல்லாவற்றையும் இன்சூரன்ஸ் காகிதங்களோடு ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். பின்னால் வந்த வண்டி என்றைக்காவது இடித்துவிட்டால், கார் தானாக நின்றது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் சான்று அதுதான்.